மரை கழண்ட காரும் 300 பித்தளை வளையங்களும்

திருப்பூரில் தையல் மிஷின் மெக்கானிக்காக 22 வருடம் ஓடிவிட்டது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எதுவானாலும் சரி, பக்கத்தில் நின்று பத்து நொடி கேட்டால் எந்த இடத்தில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனின் கார் பல்லடம் ரோட்டில் ஏறினால் எவர்சில்வர் கடையை இடம் மாற்றுகிற மாதிரி சத்தம் போட்டது. வீட்டுக்காரி ஒருநாள் சொன்னாள்: “ஊரு மிஷினெல்லாம் செட் பண்றீங்க, நம்மூட்டுக்கே மரை கழண்டு போச்சுங்க.” காரைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

இது அந்தச் சத்தத்தை அடக்க நான் வாங்கிய ஒரு பெட்டியைப் பற்றிய விமர்சனம். ஆன்லைனில் வாங்கியது, 640 ரூபாய், பிராண்டு பெயர் எதுவும் இல்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே அறை அறையாக எம்2, எம்3, எம்4, எம்5 அளவுகளில் (எம்முக்குப் பின்னால் வருகிற எண், ஸ்க்ரூவின் விட்டம் மில்லிமீட்டரில்) மொத்தம் 300 பித்தளை வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே மரை, அதாவது ஸ்க்ரூ ஏறுகிற திருகு வரி; வெளியே சொரசொரவென்று வரி. சால்டரிங் அயர்ன் நுனியில் கோத்துச் சூடாக்கி ஓட்டைக்குள் இறக்கினால், பிளாஸ்டிக் இளகி அந்த வரிகளுக்குள் புகுந்து ஆறியதும் இறுகிக்கொள்ளும். அப்புறம் மெஷின் ஸ்க்ரூவை எத்தனை தடவை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். ஸ்க்ரூ ஓடுவது பித்தளையில், பிளாஸ்டிக்குக்கு வேலையே இல்லை. 3டி பிரிண்டர் வைத்திருக்கிற பையன்களுக்கு இது பழைய சமாச்சாரமாம். எனக்குச் சொன்னது கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன்.

பங்குனியில் வைத்தேன். கத்திரி வெயில் முழுக்கப் பார்த்தாயிற்று, ஆடிக் காற்றும் போய்விட்டது, இப்போது ஐப்பசி மழை. ஏழு மாதம் போதும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். பார்சல் பிரித்த அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் என் காரில் மரை போயிருந்த ஆறு ஓட்டைகளில் இரண்டுக்குத்தான் அது உதவியது. மற்ற நான்கையும் வேறு வேறு வழியில் சரிசெய்தேன். அவற்றுக்கு ஆன செலவு மொத்தமாகவே ஒரு மட்டன் பிரியாணி விலை வராது. பெட்டியை வாங்குவதற்கு முன் இது தெரிந்திருந்தால் மூன்று வார இறுதிகள் மிச்சமாகியிருக்கும்.

வண்டி 2010 மாடல், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் காருக்கு ரசிகர் மன்றம் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், இந்தக் கோளாறுக்கும் காருக்கும் சம்பந்தமும் இல்லை. இடது முன்கதவு பவர் விண்டோ மோட்டார் இரண்டு தடவை போனது. ஸ்பீக்கர் ஒரு தடவை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்ற வேண்டும். கடைசியாகக் கழற்றிய பையன் பேட்டரி ட்ரில்லில் பிட் போட்டு மாட்டினான். டர்ர்ர் என்று ஓடி, ஸ்க்ரூ தலை உட்கார்ந்த பிறகும் இரண்டு சுற்று சுற்றியது. அந்த இரண்டு சுற்றில்தான் எல்லாம் போனது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு யாரோ என் பல்லைத் திருகுவது போலிருந்தது. கேட்டதற்கு, “பழைய வண்டிங்ணா, பிளாஸ்டிக் அப்படித்தானுங்க இருக்கும்” என்றான். பிறகு நான் பிரித்துப் பார்த்தபோது ஓர் ஓட்டைக்குள் சிகரெட் அட்டையைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தது. அது அவன் வேலையா, அவனுக்கு முன்னால் கை வைத்தவர் வேலையா என்று தெரியாது. யாராக இருந்தாலும் சிகரெட்டை விட்டால் நல்லது.

பேட்டரி ட்ரில்லின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், அதில் 1, 2, 3 என்று எண்கள் போட்டிருக்கும். அழகுக்குப் போட்டதில்லை. சின்ன எண்ணில் வைத்தால், ஸ்க்ரூ இறுகியதும் ‘கடகட’ என்று வழுக்கி நின்றுவிடும். கார் பிளாஸ்டிக்குக்கு 1 அல்லது 2 போதும். கடைசி இரண்டு சுற்றைக் கையால் திருகினால் இன்னும் உத்தமம்.

தையல் மிஷினில் மரை போனால் எனக்குப் பயமே கிடையாது. இரும்புதானே. பெரிதாக ட்ரில் போட்டு, அடுத்த சைஸ் டேப் (மரை வெட்டுகிற கருவி) அடித்து, புது ஸ்க்ரூ போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். பிளாஸ்டிக் கதை வேறு. அதில் பெரும்பாலும் கம்பெனியிலேயே மரை வெட்டுவதில்லை. பேனலின் முதுகில் விரல் மாதிரி ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் துளை ஸ்க்ரூவை விடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். முதல் தடவை போடுகிற ஸ்க்ரூ தானே மரையை அமைத்துக்கொண்டு போகும். அடுத்த தடவை மாட்டும்போது ஸ்க்ரூ அந்தப் பழைய தடத்திலேயே ஏற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கித் திருகினால் பழைய தடத்தை வெட்டிக்கொண்டு புதுத் தடம் போடும். நாலைந்து தடவை இப்படி நடந்தால் குழலுக்குள் மிஞ்சுவது தூள்தான்.

இதற்கு என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்தது. ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்ததும் முதலில் கழற்றுகிற திசையில், அதாவது இடப்பக்கமாக, மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு சுற்றுக்குள் ‘டக்’ என்று லேசாகக் கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய தடத்தின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெயாக இறங்கும். மரை இன்னும் போகாத வண்டிக்காரர்கள் இந்த ஒன்றைச் செய்தாலே போதும்.

சரி, ஆறு ஓட்டைக்கு வருவோம்.

இரண்டு முன்கதவுகளிலும் கைப்பிடி ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. கதவை இழுத்துச் சாத்துகிற பலமெல்லாம் அந்த ஒரு ஸ்க்ரூ மேல்தான் விழும். எனவே இங்கேதான் பித்தளை வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். பேடைக் கழற்றிப் பார்த்தால் அங்கே குழலே இல்லை. கதவின் தகரத்தில் ஒரு சதுர ஓட்டை, அதில் செருகிய வெள்ளை நைலான் நட்டு, ஸ்க்ரூ அதற்குள் ஏறுகிறது. போயிருந்தது அந்த நட்டின் மரைதான். ஸ்பேர்ஸ் கடையில் பழையதைக் காட்டினேன், கடைக்காரர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் டப்பாவில் கைவிட்டு நான்கு எடுத்துப் போட்டார். ஒன்று ஆறு ரூபாய். பழையதைப் பின்னாலிருந்து அமுக்கி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன், ஒரு கதவுக்கு ஐந்து நிமிடம். 640 ரூபாய்ப் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு இதைச் செய்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மரை போனதாகச் சொல்லப்படும் கதவுக் கைப்பிடிகளில் எத்தனையோ இப்படி ஆறு ரூபாயில் முடிகிற கேஸ்தான் என்று நினைக்கிறேன். எனவே எதை வாங்குவதற்கு முன்னும் ஸ்க்ரூ எதற்குள் போகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கியர் பக்கத்து கன்சோலில் ஒன்று. அதுவும் குழல் இல்லை, தட்டையான விளிம்பில் ஓர் ஓட்டை. அதற்கு யு கிளிப் என்று கேட்டால் கிடைக்கும். ஸ்பீட் நட் என்றும் சொல்வார்கள். மடித்த ஸ்பிரிங் தகடு, விளிம்பில் கோத்துவிட்டால் அதிலேயே மரை இருக்கிறது. நான்கு ரூபாய். இதில் எழுத வேறொன்றும் இல்லை.

நான்காவதுதான் என் உயிரை எடுத்தது. டேஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும் பேனல், அதன் குழல். எனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் இதில்தான் செய்து பார்த்தேன்.

முதலில் ஈர்க்குச்சி. மரக் கதவில் கீல் ஸ்க்ரூ ஆடினால் தச்சர்கள் தீக்குச்சியோ மூங்கில் சிம்போ அடித்து மேலே ஸ்க்ரூ போடுவார்களே, அந்த யோசனை. விளக்குமாற்றிலிருந்து மூன்று ஈர்க்கை உருவி ஒடித்துத் திணித்து ஸ்க்ரூ போட்டேன். பிரமாதமாக இறுகியது. பத்தாம் நாள் ஸ்க்ரூவும் ஈர்க்கும் சேர்ந்து கால் விரிப்பில் கிடந்தன. மரத்தில் மரம் பிடித்துக்கொள்ளும், வழவழப்பான பிளாஸ்டிக் குழலில் அது எதைப் பிடித்துக்கொள்ளும்?

அப்புறம் ஆப்ப சோடா. இது ஏதோ வீடியோவில் பார்த்தது. சூப்பர் க்ளூவை ஓட்டையில் விட்டு மேலே ஆப்ப சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாகிவிடும். உண்மைதான், ஆகிறது. சோடா பட்டதும் க்ளூ அந்த இடத்திலேயே சூடாகி இறுகுகிறது, கண்ணைக் கரிக்கிற ஆவி வேறு வருகிறது. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, நடுவில் 3 மில்லிமீட்டர் ட்ரில் போட்டு ஸ்க்ரூவை ஏற்றினேன். மரை கண்ணாடி மாதிரி வந்தது. அக்கா மகனுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் வேகத்தடையில் ‘டொக்’. ஸ்க்ரூ மட்டும் வரவில்லை, பல் டாக்டர் அடைத்த சிமெண்டு மொத்தமாகப் பெயர்ந்து வருகிற மாதிரி அந்தக் கல்லும் முழுசாக வந்தது. வீட்டில் ஆப்பத்துக்கு சோடா இல்லாமல் போனது தனி வழக்கு.

க்ளூ கன்னில் உருக்கி விடுகிற பசையையும் பார்த்தேன். அது கதையே வேண்டாம். காதர்பேட்டையில் மத்தியானம் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்த காரில் டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கை வைக்க முடியாது. அந்தப் பசை அறுபது எழுபது டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சாயங்காலம் திரும்பி வந்தபோது ஸ்க்ரூவின் நுனியில் மூக்குச் சளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் பேனலைத் திருப்பி அதன் முதுகைப் படித்தேன். படிக்கத் தெரிந்திருந்தும் படிக்காதவனை என்ன சொல்ல! முதுகில் இரண்டு கோண அடைப்புக்குள் ஆங்கிலத்தில் ‘பிபி’ என்று அச்சாகியிருந்தது. பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். பக்கத்தில் டிடி 20 என்று இருந்தால் அதில் 20 சதவீதம் டால்க் தூள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பாலிப்ரொப்பிலீன் மேல் சாதாரணப் பசை எதுவும் தாமரை இலைத் தண்ணீர்தான். சூப்பர் க்ளூ, எபாக்ஸி மாவு எல்லாவற்றுக்கும் அதே கதி. தயாரித்தவர்களைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, பிளாஸ்டிக்கின் குணம் அப்படி. சுவிட்ச் பேனல் முதுகில் ‘ஏபிஎஸ்’ என்று போட்டிருந்தது. அது வேறு வகை பிளாஸ்டிக், நல்ல பிள்ளை, பசையெல்லாம் பிடிக்கும். ஏபிஎஸ்ஸில் என் சோடா வைத்தியம் நின்றிருக்கும். நான் செய்ததோ பிபியில்.

எழுத்து தெரியாத பேனல் என்றால், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு அசிடோன் (சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கிற திரவம்) வைத்துப் பாருங்கள். ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிபி அசையாது. ஒரு சீவலைத் தண்ணீரில் போட்டால் பிபி மிதக்கும் என்றும் சொல்வார்கள். வெறும் பிபி மிதக்கும்தான். டால்க் கலந்தது கனமாகி மூழ்கிவிடலாம், அதனால் காருக்கு அந்தச் சோதனை ஏமாற்றும்.

இனம் இனத்தோடுதான் சேரும். பிபி ஓட்டையை அடைக்க பிபிதான் வேண்டும். எங்கே போவது? ஹோட்டலில் குருமா ஊற்றிக் கொடுக்கிற பார்சல் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பிபி. டப்பாவைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, கத்தரியால் தீக்குச்சி அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டினேன். பேனலைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்து, சால்டரிங் அயர்னால் குழலின் உள்சுவரை இளக வைத்து, கீற்றையும் அதிலேயே உருக்கி, இரண்டையும் குழைத்து அமுக்கி நிரப்பினேன். உள்சுவர் இளகாமல் கீற்றை மட்டும் உருக்கி ஊற்றினால் மறுபடி பல் சிமெண்டு கதைதான். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, 3 மில்லிமீட்டர் ட்ரில், பழைய 4.2 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. ஏழு மாதமாக அசையவில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பேனலின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? செலவு, ஏற்கெனவே சாப்பிட்டு முடித்த ஒரு குருமா.

இப்போதுதான் பித்தளைப் பெட்டிக்கு வருகிறேன். ஓட்டுநர் பக்கத்துக் கையணையில் பவர் விண்டோ சுவிட்ச் பேனலைப் பிடித்திருக்கும் இரண்டு குழல்கள். ஏபிஎஸ். இதைத்தான் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கிறது, எனவே இங்கே நிரந்தர மரை வைப்பது நியாயமான செலவு.

ஒன்றில் நான் ஏற்கெனவே ஒரு பாவம் செய்திருந்தேன். இரும்புக்காரன் புத்தி, 4.2 ஸ்க்ரூவுக்குப் பதில் 4.8 போட்டு இறுக்கியிருந்தேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் குழல் வாயிலிருந்து அடிவரை முடி மாதிரி ஒரு விரிசல். பிளாஸ்டிக்கில் பெரிய ஸ்க்ரூ ஆப்பு அடிப்பது போல, பிளந்துகொண்டேதான் போகும். அக்கா மகன் தன் 3டி பிரிண்டரில் மிஞ்சிய ஏபிஎஸ் கம்பித் துண்டுகளை அசிடோனில் ஊறப்போட்டு, இட்லி மாவு பதத்தில் ஒரு பசை கொண்டுவந்தான். “மாமா, இதைப் பூசிட்டு நாளைக்கு வரைக்கும் கை வைக்காதீங்க” என்றான். அசிடோன் ஆவியாகிப் போனதும் குழல் ஒரே துண்டாகிவிட்டது. பிபியில் நடக்காத வித்தை இது.

பெட்டியில் எந்த அளவை எடுப்பது? பழைய ஸ்க்ரூ 4.2 என்பதால் எம்4 எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். எம்4 வளையம் உட்கார ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். என் குழலின் வெளிச்சுற்றே 8 மில்லிமீட்டர்தான், சுவரில் என்ன மிஞ்சும்? எம்3 வளையத்துக்கு 4 மில்லிமீட்டர் போதும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் சுவர் நிற்கும். பேனல் கழன்று விழாமலிருக்க எம்3 ஸ்க்ரூ தாராளம். தலை மட்டும் சின்னதாக இருக்கும் என்பதால் ஒரு வாஷர் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பேனல் ஓட்டைக்குள் தலையே போய்விடும். வெர்னியர் (நுணுக்கமாக அளக்கிற அளவுகோல்) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

முதல் வளையத்தை நான் கெடுத்தேன். என்னிடம் இருப்பது மோட்டார் வயர் பற்றவைக்கிற சாதாரண 25 வாட் அயர்ன், சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லாதது. காய்ந்துவிட்டால் 300 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வளையத்தை வைத்ததும் வெண்ணெயில் கத்தி போனது போல ஒரே இறக்கம். சாய்ந்து, ஆழமாகப் போய், குழலின் வாய் மெழுகுவத்தி மாதிரி வழிந்துவிட்டது. நல்லவேளை, அதைச் செய்தது உடைந்த பழைய மிஷின் மூடி ஒன்றில், பழகிப் பார்ப்பதற்காக. நேராகக் காரில் வைத்திருந்தால் இந்த விமர்சனத்தின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

பிறகு மாப்பிள்ளையிடமிருந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன் வாங்கி 220 டிகிரியில் வைத்துச் செய்தேன். சுகமான வேலை. ஓட்டையை வளையத்தின் நீளத்தை விட இரண்டு மில்லிமீட்டர் ஆழமாகப் போட வேண்டும். இளகிய பிளாஸ்டிக் ஒதுங்க இடம் வேண்டுமல்லவா, இல்லையென்றால் அது வளையத்துக்குள்ளே ஏறி மரையை அடைத்துவிடும். கையால் அமுக்காமல் அயர்னின் கனத்திலேயே இறங்க விட வேண்டும். இறங்கும்போதே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் மேலே நிற்கும்போதே அயர்னை எடுத்துவிட்டு, தட்டையான இரும்புத் துண்டு ஒன்றால் அமுக்கிச் சில நொடிகள் பிடித்தால் வாயோடு வாயாக உட்காரும், இரும்பு சூட்டையும் வாங்கிக்கொள்ளும். நான் பயன்படுத்தியது தையல் மிஷினின் பழைய ஊசித் தகடு. தொழில் எங்கே போனாலும் கூடவே வருகிறது.

ஸ்க்ரூ நீளத்திலும் கவனம் வேண்டும். வளையம் முழுக்கப் பிடிக்கிற நீளம் இருக்க வேண்டும், ஆனால் நுனி குழலின் அடியில் முட்டக்கூடாது. முட்டினால் ஜாக்கி மாதிரி வளையத்தை மேலே தூக்கிப் பெயர்த்துவிடும்.

இரண்டும் இன்றுவரை கல். இந்த ஏழு மாதத்தில் வேண்டுமென்றே ஒன்பது தடவை கழற்றி மாட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே இறுகுகிறது. வெயிலிலும் நகரவில்லை. பித்தளையின் தரம் பரவாயில்லை. எம்3 வளையங்களில் பத்துப் பதினைந்தை ஸ்க்ரூ போட்டுப் பார்த்ததில் ஒன்றில் மட்டும் மரை பிசிறாக இருந்தது. அதற்கு டேப் ஓட்டினேன், சரியாகிவிட்டது.

குறைகள் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எந்த அளவுக்கு எவ்வளவு ஓட்டை என்று போட்டிருந்தால் அரைநாள் மிச்சம். கூட வருகிற நான்கு அயர்ன் நுனிகளும் மாப்பிள்ளையின் ஸ்டேஷனில் பொருந்தின, என் அயர்னில் பொருந்தவே இல்லை. ஸ்க்ரூ ஒன்றுகூடத் தரவில்லை, எம்3 ஸ்க்ரூவும் வாஷரும் தனியாக வாங்க வேண்டும். 300 வளையத்தில் காருக்கு ஆகிறது எம்3 மட்டும்தான், சில இடத்தில் எம்4. எம்2 அறையை நான் இன்னும் திறக்கவேயில்லை, எம்5 உட்காருகிற குழல் என் காரில் எங்கும் கிடையாது. எம்3 மட்டும் ஐம்பது வருகிற பாக்கெட் தனியாக விற்கிறது, பாதி விலைகூட இல்லை. கார் வேலைக்கு மட்டும் என்றால் அதை வாங்குங்கள். பெட்டிக்கு ஐந்துக்கு மூன்றரை. வளையங்களுக்கு மட்டும் கேட்டால் நாலரை.

இரண்டு எச்சரிக்கை. அயர்ன் வேலையைக் காருக்குள் செய்யாதீர்கள். பேனலைக் கழற்றி வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து செய்யுங்கள். சீட்டு பஞ்சும் சூட்டுக்கோலும் சம்பந்திகள் அல்ல, புகையும் நல்லதல்ல. அடுத்தது ஏர்பேக். என் வண்டியில் அது கிடையாது, அதனால் தைரியமாகக் கை வைத்தேன். நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம், எனவே புது வண்டிகளில் ஸ்டீயரிங், டேஷ்போர்டுப் பக்கம் போகும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் கனெக்டரையோ மஞ்சள் வயரையோ பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்து ஸ்க்ரூவுக்கு மெக்கானிக்கிடம் போவதே மரியாதை.

நேரமில்லாதவர்கள் கோவை உக்கடம் மாதிரி பழைய சாமான் கிடைக்கிற இடத்தில் பேனலையே வாங்கி மாட்டலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். கையணைக்கு 900 சொன்னார்கள், 500க்கு இறங்கினார்கள். திருப்பிப் பார்த்தால் அதிலும் ஒரு குழலில் மரை இல்லை, உள்ளே பேப்பர் சுருட்டி வைத்திருந்தது. சிகரெட் அட்டை இல்லை, பஸ் டிக்கெட்.

போன வாரம் வீட்டுக்காரியைத் தாராபுரத்துக்குக் கூட்டிப் போனேன். பல்லடம் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சத்தம் நின்னுருச்சுங்க” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மேட்டில், “இப்ப பின்னாடி டிக்கில இருந்து ஏதோ கொடகொடங்குது, அது முன்னாடியே இருந்துச்சுங்களா?” என்றாள். இருந்திருக்கிறது. முன்பக்கச் சத்தத்தில் கேட்கவில்லை. ஜாக்கியைப் பிடிக்கிற கிளாம்பு என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்க்க வேண்டும்.